மனை எண் இருபத்தேழின் மீது ஓர் ஆட்சேபனை

1.

இந்தக் கதை திருக்கடையூரில் ஒரு பந்தியில் எனக்குக் கிடைத்தது. உறவுக்காரர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் ரசம் வரும்வரை வாயே திறக்கவில்லை. ரசம் வந்ததும் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மேடம், நீங்க கதை எழுதுறவங்கன்னு சொன்னாங்க. ஒரு வீடு தானா சுருங்குமா?"

எழுதுகிறவளிடம் பந்தியில் இப்படிக் கேட்டால் அவள் மோர் வாங்குவாளா? நான் மோரை மறந்தேன். அவர் பெயர் வைரக்கண்ணு. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் சர்வேயர். ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. சுருங்குகிற வீடு செங்கல் வீடு இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் அவர் வாங்கிய வீடு என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பாயசம் வருவதற்குள் அது போய்விட்டது.

(இந்தப் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்க முடிகிறதா என்றும் பார்க்கிறேன்.)

2.

முதல் வாக்கியம் மூன்று எழுதினேன்.

"வைரக்கண்ணு தம் வாழ்நாளில் இரண்டு வீடுகள் வாங்கினார், அவற்றில் ஒன்று" – வேண்டாம். வங்கி விளம்பரம் மாதிரி இருக்கிறது.

"ஏழு மலைகளுக்கு அப்பால், டிராகன்கள் உறங்கும் தேசத்தில், தஞ்சாவூர்க்காரர் ஒருவர்" – அடித்துவிட்டேன். சிரிப்புக் கதை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மூன்றாவது இது: மகளிடம் "இனிமே இந்த வாசல மிதிக்காத" என்று சொன்ன மனிதர், மூன்று வருஷம் கழித்து அவளுக்காகவே வேறொரு வாசலை வாங்கினார். இதை வைத்துக்கொள்கிறேன்.

மகள் பெயர் குந்தவை. ஜெர்மனியில் வேலை. அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, எல்லாம் முடிந்த பிறகு போட்டோ அனுப்பினாள். அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் வைரக்கண்ணு போனில் அந்த வார்த்தையைச் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டாள். அம்மா ராஜாத்தியோடு மட்டும் ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். அப்பா என்ற வார்த்தை அந்தப் பேச்சில் வராது. இப்படியே இரண்டு வருஷம்.

ஒருநாள் ராஜாத்தியின் போனுக்குக் குந்தவையிடமிருந்து ஒரு விளையாட்டின் லிங்க் வந்தது. கூடவே ஒரு வரி: "அவருக்குப் பொழுது போகலன்னா இதுல வரச்சொல்லு." ராஜாத்தி போனை வைரக்கண்ணுவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாட்டு வைத்தியம் மாதிரி, சாப்பாட்டுக்கு முன் ஒருவேளை.

மூன்று நாள் முறைத்துக்கொண்டு இருந்தார். நான்காம் நாள் லேப்டாப்பைத் திறந்து, சிவப்புத் தாடி வைத்த ஒரு குள்ளக் கொல்லனாக அந்த தேசத்துக்குள் இறங்கினார். குந்தவை அங்கே பச்சை அங்கி போட்ட, நீளக் காது வைத்த வில்லாளி. இவர் இடுப்பளவுதான் வருவார் அவளுக்கு. ஊருக்குள் சந்தை இருந்தது, சத்திரம் இருந்தது, எங்கே நின்றாலும் யாராவது குறுக்கே ஓடினார்கள். அப்பாவும் மகளும் நின்று பேச ஓர் இடம் இல்லை. விளையாட்டுக் காசு சேர்க்க வைரக்கண்ணு பதினொரு மாதம் மீன் பிடித்தார், இரும்பு அடித்தார். மனைக்கான குலுக்கலில் மூன்று தடவை தவறி, நான்காம் தடவை ஆற்றங்கரையில் மனை எண் இருபத்தேழு விழுந்தது. அதில் வீடு எழும்பியது.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் வருவாள். அவளுக்கு அங்கே பிற்பகல் காப்பி இடைவேளை. கல்யாணத்தைப் பற்றிப் பேச்சில்லை, வாசலைப் பற்றிப் பேச்சில்லை. தட்டச்சு செய்துகொள்வது எல்லாம் இப்படித்தான்:

"ஓனர், இந்த நாற்காலிய ஜன்னல் பக்கம் போடவா?"

"போடு. வாஸ்து பாத்துக்க."

"டிராகன் வர்ற ஊர்ல வாஸ்துவா?"

"வர்றது வரட்டும். ஈசானி மூலைலேருந்து வரக்கூடாது."

அவரை அவள் 'ஓனர்' என்றுதான் கூப்பிட்டாள். இதற்கே அவருக்கு ராத்திரி தூக்கம் நன்றாக வந்தது. காப்பி கொண்டுவருகிற சாக்கில் ராஜாத்தி பின்னால் வந்து நின்று திரையைப் பார்ப்பாள்.

"இளைச்சிட்டாளா?"

"அது பொம்மைடி."

"பொம்மைதான். அவ பாத்துத் தேர்ந்தெடுத்ததுதானே?"

3.

அந்த வீட்டை அவர் எப்படி நிர்வகித்தார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆபீசில் இப்படி நிர்வகித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

யார் உள்ளே வரலாம், யார் சாமான்களை நகர்த்தலாம், யார் பூட்டலாம் என்று அந்த விளையாட்டில் ஒரு பட்டியல் உண்டு. மூன்றிலும் குந்தவை பெயரை மட்டும் சேர்த்தார். நாற்பத்தைந்து நாள் யாரும் நுழையாத வீட்டை விளையாட்டே இடித்துவிடும் என்று ஒரு விதி. அதைக் காலண்டரில் குறித்து வைத்தார். கூடத்தில் குள்ளனைச் சுவரிலிருந்து சுவருக்கு நடத்திப் பார்த்தார். அவன் காலடிக் கணக்கில் பதினான்கு எட்டு. முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்தவர், நடக்காமல் ஓர் இடத்தை நம்பமாட்டார் என்று எழுதப்போனேன். எழுதவில்லை. ஏன் என்பது ஐந்தாம் பகுதியில்.

எல்லாம் முடிந்ததும், நம் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார். முற்றத்தில் வைக்க அந்த விளையாட்டில் ஒரு மரப்பலகை கிடைக்கும். மற்றவர்கள் அதில் 'நல்வரவு' என்று எழுதுவார்கள். வைரக்கண்ணு எழுதியது:

"மனை எண் 27, அதன் மேலுள்ள வீடு ஆகியவற்றின் மீது எவருக்கேனும் ஆட்சேபனை இருப்பின் முப்பது தினங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். தவறினால் உரிமை இறுதி செய்யப்படும்."

குந்தவை திரை நிறையச் சிரித்தாள். "ஓனர், யாரு வந்து ஆட்சேபனை பண்ணப்போறா? குட்டிச்சாத்தானா?"

"நோட்டீஸ் ஒட்டாம பட்டா நிக்காது."

(தாலுகா அலுவலகச் சுவர்களில் இந்த மாதிரி நோட்டீஸ்கள் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து தொங்கும். யாரும் படிக்கமாட்டார்கள், யாரும் வரமாட்டார்கள். யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒட்டுவதே.)

4.

பலகை வைத்த ஒன்பதாம் நாள், விளையாட்டு வீட்டின் தபால் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. தமிழில்.

"ஐயா, மேற்படி மனையில் எனக்குப் பாத்தியம் உண்டு. நான்கெல்லையாவது: கிழக்கே பாசன வாய்க்கால், மேற்கே கண்ணுசாமி நஞ்சை, வடக்கே மூங்கில் குத்து, தெற்கே வண்டிப்பாதை. இதற்குள் தென்னை இரண்டு, கூரை வீடு ஒன்று. ஐயா அவர்கள் நேரில் வந்து நடந்து பார்த்து அளந்து தரவும். இப்படிக்கு, ரஹ்மத் பீவி."

அந்த தேசத்தில் தென்னை கிடையாது. வாய்க்காலும் கிடையாது.

வைரக்கண்ணு லேப்டாப்பை மூடினார். திரும்பத் திறந்தார். குள்ளனைச் சுவரிலிருந்து சுவருக்கு நடத்தினார். பதின்மூன்று எட்டு. தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி நடத்தினார். பதின்மூன்று.

விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதினார். பதில் மரியாதையாக வந்தது: வீடுகளின் அளவு மாறாது. தங்கள் பெட்டிக்குக் கடிதம் எதுவும் வந்ததாகப் பதிவில் இல்லை. தங்கள் நாள் இனிதாகட்டும்.

5.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம், சம்பா நட்டு நான்கு நாள் ஆன ஒரு வயலை அளக்க வைரக்கண்ணு போனார். வயல் கண்ணுசாமியுடையது. அதன் கிழக்கு ஓரத்தில், வாய்க்காலை ஒட்டி, ரஹ்மத் பீவி என்ற அம்மாளின் மனை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கூரை வீடும் இரண்டு தென்னையும் சில ஆடுகளும்தான். இரண்டு நிலத்துக்கும் நடுவே எல்லைக்கல் ஒன்று உண்டு. அது முழங்கால் சேற்றுக்கும் நாற்றுக்கும் நடுவில் எங்கோ மூழ்கிக் கிடந்தது.

அளவுச் சங்கிலியை வயலுக்குள் இழுக்க வேண்டும். கண்ணுசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "நட்டு நாலு நாள்தாங்க ஆவுது. மிதிச்சிடாதீங்க."

வைரக்கண்ணு மிதிக்கவில்லை. வரப்பிலேயே நின்று, பழைய புலப்படத்தைப் பார்த்து, மனக்கணக்கில் கோடு போட்டார். கோடு பன்னிரண்டடி கிழக்கே தள்ளி விழுந்தது. கூரை வீடு கண்ணுசாமி பட்டாவுக்குள் போனது.

அந்த அம்மாள் மனு மேல் மனு கொடுத்தாள். எல்லா மனுவிலும் கடைசி வரி ஒன்றுதான்: நேரில் வந்து நடந்து பார்த்து அளந்து தரவும். எல்லா மனுவுக்கும் வைரக்கண்ணு எழுதிய பதிலும் ஒன்றுதான்: ஆவணப்படி சரியாக உள்ளது. அறுப்பு முடிந்து வயல் காய்ந்தபோது ஒரு நடை போயிருக்கலாம். போனால் தப்பு தெரிந்துவிடும் என்று போகவில்லை. கண்ணுசாமி நிலத்தை விற்றார். வாங்கியவர்கள் கூரையைப் பிரித்தார்கள். அம்மாள் மயிலாடுதுறையில் தங்கை வீட்டுக்குப் போனாள். அவளுக்குப் போட்ட கடைசிப் பதில், 'பெறுநர் காலமானார்' என்று தபால்காரர் எழுதித் திரும்பி வந்தது. உறையை வாங்கிக் கோப்பில் சேர்த்தது வைரக்கண்ணுவின் கைதான்.

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இவர் நல்லவரா கெட்டவரா? நேராகவே கேட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நட்ட வயல்ல யாரு மேடம் கால வைப்பா?"

உண்மை. நம் பக்கத்தில் யாரும் வைக்கமாட்டார்கள். இதை ஒருவர் தலைமேல் குற்றமாக எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வைக்காமல் எப்படி விடுவது என்றும் தெரியவில்லை.

6.

(இந்தப் பகுதி இருந்தது. நேற்று வரை இருந்தது. ரஹ்மத் பீவியின் ஒரு பகல்பொழுதை எழுதியிருந்தேன். ஆட்டுக்கு ஒடித்த தழை, வாய்க்காலில் தேய்த்த பாத்திரம், கூரை ஓட்டை வழியாகத் தரையில் விழுந்த வெயில். ஒன்றரைப் பக்கம். இன்று காலை ஃபைலைத் திறந்தால் ஐந்துக்கு அடுத்து ஏழு வந்தது. நான் அழிக்கவில்லை. திரும்ப எழுதப் பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியமும் பாதியில்)

7.

பதின்மூன்றாம் நாள் ஒரு கடிதம். பதினாறு, பத்தொன்பது, இருபத்திரண்டு. எல்லாம் அதே வாசகம், ஓர் எழுத்து மாறவில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் கூடம் ஒன்றிரண்டு எட்டு குறைந்தது. பலகையைப் பிடுங்கிப் போட்டார். மறுநாள் அது முற்றத்தில் நின்றது.

"ஓனர், ரூம் சின்னதா ஆயிடுச்சா?" என்றாள் குந்தவை. "ஜன்னல் பக்கம் போட்ட நாற்காலி கதவுல இடிக்குது."

"உனக்கும் தெரியுதா?"

"தெரியுது."

பின்னால் நின்ற ராஜாத்தி காப்பியைக் கீழே வைத்தாள். "என்னங்க இது, புள்ள நிக்க எடமே இல்லையே."

வைரக்கண்ணு காலண்டரில் நாட்களை எண்ணினார். முப்பதாம் நாள் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தெரியாதவரா அவர்? வீடு போனால் ஏழு மணி போகும். ஏழு மணி போனால் குந்தவை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அதுவும் ராஜாத்திக்கு மட்டும். இன்னொரு மனை குலுக்கலில் விழ எத்தனை மாதமோ. விழுந்தாலும் அங்கேயும் கடிதம் வராது என்று யார் சொல்வது?

இருபத்தைந்தாம் நாள் கூடத்தில் ஐந்து எட்டு இருந்தது. "யாரு லெட்டர் போடறா?" என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார். வரப்பு, நாற்று, பன்னிரண்டடி எல்லாம் சொன்னார். இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறவர், அரை மணி நேரம் ஆனது. பச்சை அங்கிக்காரி அசையாமல் நின்றாள். பிறகு வரிகள் ஒவ்வொன்றாக வந்தன.

"எனக்கு அந்தம்மாவ ஞாபகம் இருக்கு."

"நம்ம வீட்டுக்கு வந்தாங்க. நான் பத்தாவது படிச்சிட்டிருந்தேன்."

"குளிச்சிட்டிருக்காருன்னு சொல்லச் சொன்னீங்க. நான்தான் போய் சொன்னேன். வெயில்ல ரொம்ப நேரம் வாசல்லயே நின்னாங்க."

"உங்களுக்கு வாசல்ல வந்து நிக்கறவங்கன்னா ஆகாது."

அவள் போய்விட்டாள். வைரக்கண்ணு அழுதார். ராஜாத்தி ஆறுதல் சொல்லவில்லை. அவளும் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தாள்.

8.

இனி பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அறுபதாம் கல்யாணம் நடந்தது நிஜம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாரோ ஒரு மாமா. அப்பளம் மட்டும் ஐந்து சாப்பிட்டார். வைரக்கண்ணுவை நான் அங்கே பார்க்கவில்லை.

அவர் என் வீட்டுக்கு வந்தார். இருபத்தேழாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, கையில் டேப்போடு. "மேடம், உங்க அடுப்படிக்குள்ள ஒரு தடவ நடந்து பாத்துக்கலாமா?" என்று கேட்டார்.

புரிந்திருக்கும். கண்ணுசாமி விற்ற நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. கிழக்குக் கோடி மனையை நான் வாங்கி வீடு கட்டினேன். என் அடுப்படி, போர்வெல், வாழை வைத்திருக்கும் கொல்லை மூன்றும் அந்தப் பன்னிரண்டடிக்குள் இருக்கின்றன. பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. இந்தக் கதையை எழுதுகிற மேசை அடுப்படியில்தான் இருக்கிறது; காற்று நன்றாக வரும்.

அவர் நடந்தார். வெளியே வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து இரண்டு தாள் எடுத்தார். ஒன்று, தம் அளவு தவறு என்று தாமே எழுதிய அறிக்கை. ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கும்போது ஒருவர் அப்படி எழுதினால் பென்ஷனுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். இரண்டாவது, எல்லையைத் திருத்த எனக்கு ஆட்சேபனை இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள். ரஹ்மத் பீவியின் தங்கை மகளுக்கு அந்த இடம் சேரும்.

"நீங்க போடலன்னா கோர்ட்டுக்குப் போவும் மேடம். இருபது வருஷம் இழுக்கும். அந்தப் பொண்ணுக்கு வக்கீல் வைக்கவும் வழியில்ல."

"நான் போட்டா உங்க விளையாட்டு வீடு நின்னுடுமா?"

"தெரியல மேடம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? காப்பி கொடுத்தேன். உட்காரச் சொன்னேன். "முழுக்கச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்றேன். அவர் சொல்ல ஆரம்பித்தார், நான் நோட்டை எடுத்துக்கொண்டேன்.

9.

மூன்று முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன்.

முதலாவதில், கம்பெனி ஏதோ பிழையைச் சரிசெய்கிறது. கூடம் பதினான்கு எட்டுக்குத் திரும்புகிறது. இதற்கு நீங்கள் புத்தகத்தைத் தூக்கி எறிவீர்கள்.

இரண்டாவதில், கடிதங்களை எழுதியது குந்தவைதான். வாசலில் நின்ற அந்த அம்மாளின் கையில் இருந்த மனுவைப் பத்தாம் வகுப்பில் படித்தவள், அப்பாவின் பலகையைப் பார்த்ததும் அதை நினைவிலிருந்து எழுதுகிறாள். நாற்காலிகளை நகர்த்த உரிமை உள்ளவளுக்குக் கூடம் குறைந்ததுபோலக் காட்டவும் ஏதோ வழி தெரிந்திருக்கும். அப்பாவும் மகளும் அழுகிறார்கள், எல்லாம் ஜெர்மனிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் முடிந்துவிடுகிறது. நல்ல முடிவு. என் அடுப்படிக்கு எந்தச் சேதமும் இல்லாத முடிவு. அதனால்தான் எனக்கே அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. என் ஃபைலிலிருந்து ஆறாம் பகுதியை எடுத்தது குந்தவையா?

மூன்றாவது, "நான் பேனாவை எடுத்து" என்ற இடத்தில் நிற்கிறது.

இன்று முப்பதாம் நாள். சாயங்காலம் ஆறேகாலுக்கு வைரக்கண்ணு போன் செய்தார். கெஞ்சவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"ரிப்போர்ட்ட குடுத்துட்டேன் மேடம். நேத்தே குடுத்துட்டேன். அவகிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"அப்பான்னு கூப்பிட்டா." அதையே இன்னொரு தடவை சொன்னார். "மூணு வருஷம் கழிச்சு மேடம். அப்பா, நாளைக்கு வீட்டப் பத்தி இல்ல, நெறைய பேசணும், ஏழு மணிக்கு வர்றேன்னா."

"கூடம் எவ்வளவு இருக்கு?"

"ஒரு எட்டு. ஒருத்தர்தான் நிக்கலாம். நான் வெளிய நின்னுக்கறேன், அவள உள்ள நிக்க வெச்சிடறேன். ஆனா நோட்டீஸ் கெடு ஏழு மணிக்கு முடியுது, அதுக்கு மேல கதவு இருக்குமான்னு தெரியல." பின்னால் ராஜாத்தியின் குரல் கேட்டது: "போட்டுட்டாங்களான்னு கேளுங்க." அவர் கேட்கவில்லை. "வெச்சிடறேன் மேடம்" என்றார்.

தாள் என் முன்னால் இருக்கிறது. கையெழுத்துக்கான கோட்டுக்கு மேலே என் பெயரை அவரே அழகாக எழுதிவைத்திருக்கிறார். பின்கதவைச் சாத்தித்தான் வைத்தேன், ஆனாலும் வாய்க்கால் சத்தம் இன்று பக்கத்தில் கேட்கிறது. இந்த மேசையிலிருந்து சுவர் எவ்வளவு தூரம் என்று நான் பார்க்கப்போவதில்லை. பார்த்தால் எண்ண வேண்டியிருக்கும்.

ஒரு கதைக்காரி கதையின் முடிவை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். நான் கொடுக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்த வீட்டையும் இந்தக் கதையின் முடிவையும் ஒரே ஆள் வைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்துவிட்டது, நான் வீட்டை வைத்துக்கொண்டேன். முடிவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், மணி ஏழாக இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. அவள் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவாள்.